ஆயுத பேர ஊழல்: விசாரணைகள் ஏன் கரை சேர்வதில்லை?

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டக் கொடுக்கும் உரிமையாளர், இரும்புத் தகடு முதல் பெயின்ட் வரை கணக்குக் கேட்கிறார். சொந்தப் பணம் என்பதால் அந்தக் கவனம். நாட்டுக்காக பீரங்கியும் போர் விமானமும் வாங்கப்படுவதும் நம்முடைய வரிப்பணத்தில்தான். ஆனால் அந்தக் கணக்கைக் கேட்பவர்களை மட்டும் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று சொல்லி வாயடைக்கிறார்கள்.

இது டெல்லியின் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்கவும் முடியாது. 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியுடன் சேலமும் இருக்கிறது. நம் ஊர் லேத் பட்டறைகளும் சிறு தொழிற்கூடங்களும் ராணுவத்திற்கு உதிரிபாகம் செய்து தரும் வாய்ப்பு பேசப்படுகிறது. தரகர்கள் ஆட்டுவிக்கும் கொள்முதலில் நேர்மையான சிறு தொழிலாளிக்கு இடம் கிடைக்காது.

போஃபர்ஸ் தரும் பாடம்

1986 மார்ச் 24 அன்று சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தமானது. மதிப்பு 1,437 கோடி ரூபாய். 1987 ஏப்ரல் 16 அன்று, இதில் லஞ்சம் கைமாறியதாக சுவீடன் வானொலி செய்தி வெளியிட்டது. பத்திரிகையாளர் சித்ரா சுப்பிரமணியம் திரட்டிய ஆவணங்கள், சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' நாளிதழில் வெளிவந்தன. பீரங்கி 1999 கார்கில் போரில் நன்றாகவே பயன்பட்டது. கேள்வி பீரங்கியின் தரம் பற்றியதல்ல, தரகுப் பணம் யாருக்குப் போனது என்பதே.

அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். சிபிஐ வழக்குப் பதிவு செய்தது 1990 ஜனவரியில். குற்றப்பத்திரிகை தாக்கலானது 1999 அக்டோபரில். இடையில் 1993-ல் இத்தாலிய வணிகர் குவாத்ரோச்சி நாட்டை விட்டே போய்விட்டார். 2004-ல் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டையும், 2005-ல் இந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளையும் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணைக்கு 250 கோடி ரூபாய் அளவுக்குச் செலவானதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2005 தீர்ப்பை எதிர்த்து சிபிஐ மேல்முறையீடு செய்தது 2018-ல்! 4,522 நாள் தாமதத்திற்குச் சரியான காரணம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இடைப்பட்ட காலத்தில் காங்கிரஸ், ஜனதா தளம், பாஜக என எல்லோரும் ஆட்சியில் இருந்தார்கள். எனவே ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. குற்றவாளி யார் என்றும் நிரூபணமாகவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் மீதான கறையும் காலத்தில் துடைக்கப்படவில்லை. தாமதம் இரு தரப்புக்கும் அநீதி.

ஹெலிகாப்டரும் ரஃபேலும்

முக்கியப் பிரமுகர்களுக்காக 12 ஹெலிகாப்டர்கள் வாங்க 2010-ல் அகஸ்டா வெஸ்ட்லேண்டுடன் சுமார் 3,600 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. லஞ்சப் புகார் எழுந்ததும், நேர்மை உடன்படிக்கை மீறப்பட்டதாகக் கூறி 2014 ஜனவரி 1 அன்று அரசு அதை ரத்து செய்தது. இடைத்தரகர் என்று சொல்லப்படும் கிறிஸ்டியன் மிஷெல் 2018 டிசம்பரில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். விசாரணை முடியாமலேயே ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அவருக்கு 2025-ல்தான் ஜாமீன் கிடைத்தது. விசாரணைக் கைதியாகவே ஆண்டுகள் கழிவதன் வலி நம் சமுதாயத்திற்குத் தெரியாததல்ல.

2016-ல் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. நீதிமன்ற விசாரணை கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தள்ளுபடி செய்தது, சீராய்வு மனுக்களையும் 2019 நவம்பரில் நிராகரித்தது. 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையோ விலை விவரங்களை மறைத்தே வெளியானது. பிரான்சில் 2021-ல் இதே ஒப்பந்தம் பற்றி விசாரிக்க ஒரு நீதிபதி நியமிக்கப்பட்டார். தவறு நடக்கவில்லை என்றால், இங்கும் வெளிப்படையாக விளக்குவதில் என்ன தயக்கம்?

நாம் கேட்க வேண்டியவை

ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, அரசு ஊழியர் பதவியில் எடுத்த முடிவு குறித்து விசாரிக்க முன் அனுமதி கேட்கிறது. அரசின் முடிவை விசாரிக்க அரசிடமே அனுமதி பெறும் நிலை மாற வேண்டும். விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் காலக்கெடு வேண்டும். தணிக்கை அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு முழு விவரத்துடன் ஆராய வேண்டும்.

நம் பங்கும் உண்டு. சேலம், நாமக்கல் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேள்வியாக எழுப்பச் சொல்லிக் கடிதம் கொடுக்கலாம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யலாம். ராணுவ ரகசியத்தைக் கேட்க வேண்டியதில்லை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, மேல்முறையீடு ஏன் தாமதமானது என்று கேட்டாலே போதும். சிபிஐக்குத் தகவல் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தாலும், ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 24-வது பிரிவே சொல்கிறது.

பொதுப்பணம் ஓர் அமானிதம். அதை ஒப்படைத்தவர்கள் நாம். கணக்குக் கேட்கும் கடமையும் நம்முடையதே.