யாருடைய வினா? பொதுச் சுகாதார ஆய்வு மரபு பற்றிய ஒரு குறிப்பு

குண்டசாலை என்றதும் வரலாற்று மாணவர்க்கு நினைவுவருபவன், 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்டு அவ்வூரில் வாசஞ்செய்த நரேந்திரசிங்கன். அரசர் வரலாற்றை எழுத ஏடுகளும் சாசனங்களும் உள. அவ்வூரைச் சூழ்ந்த வயல்களிலும் தோட்டங்களிலும் உழைத்த மக்களின் உடல்நல வரலாற்றுக்கோ, பிறர் அவர்களை ஆராய்ந்து விட்டுச்சென்ற அறிக்கைகளையே பெரிதும் நாடவேண்டியுள்ளது. அவை யாருக்காக எழுதப்பட்டன?

இவ்வினாவுக்கு இன்றைய பொருத்தம் உண்டு. பல்கலைக்கழகங்களில் கலாநிதிப்பட்ட ஆய்வாளர், முதுமாணி மாணவரின் பொதுச் சுகாதார ஆய்வுகளுக்கு வழிகாட்டுகின்றனர். மாதிரியைத் தெரிதல், வினாக்கொத்து ஆக்கல், புள்ளிவிவரங்களைப் பகுத்தல் ஆகியன மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறுகின்றன. இவற்றுடன், ஆராயத்தக்கது எது என்னும் நோக்கும் சொல்லாமலே கைமாறுகின்றது. அந்நோக்கின் வரலாற்றையே நாம் இங்கு கவனிக்க விரும்புகின்றோம்.

1916இல், கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. தொழிலாளரின் இரத்தசோகை உற்பத்தியைக் குறைக்கின்றது என்பது அன்று எழுந்த பிரச்சினை. வினா மூலதனத்தின் வினாவாயிருந்தமையால் விடையும் அதன் எல்லைக்குள் நின்றது. மருந்து கொடுக்கப்பட்டது, மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்டத்துரைமார் தயங்கினர். மருந்துண்டவன் அசுத்தமான அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயுற்றான்.

1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதார அலகு அடுத்த கட்டத்தைக் குறிக்கின்றது. தனியொரு நோயை விடுத்து, ஒரு பிரதேசத்து மக்களின் சுகாதாரம் முழுவதையும் நோக்கும் முயற்சி அது. அவ்வலகு பயிற்சிக் களமாகவும் விளங்கியது. அனுபவமுள்ள உத்தியோகத்தரைப் பின்தொடர்ந்து வீடுவீடாகச் சென்றே இளையவர் தொழில் கற்றனர். ஆய்வில் மூத்தோர் இளையோரை வழிப்படுத்தும் மரபுக்கு நமது நாட்டில் இஃதொரு முன்னோடி எனலாம்.

1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகியது. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணியாற்றிய சூரியமல் இயக்கத்தினரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கொயினாவுடன் உணவையும் கொண்டுசென்றனர். பசித்த உடலையே நோய் எளிதிற் கொல்கின்றது என்பதை அவர்கள் குடிசைகளில் கண்டனர். நுளம்பைப் பற்றிய வினா அவர்கள் கையில் நிலத்தையும் கூலியையும் பற்றிய வினாவாக விரிந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு இவ்வனுபவமும் ஒரு பின்னணியாகும்.

1962இல் பேராதனையில் மருத்துவபீடம் தொடங்கியபின், கண்டிச் சீமையின் கிராமங்களும் தோட்டங்களும் மாணவர்க்கு அண்மைக் களங்களாயின. ஆயினும் அண்மை மட்டும் போதாது. ஆங்கிலத்தில் ஆக்கப்பெற்ற வினாக்கொத்துத் தமிழாக்கப்பட்டு லயத்தின் வாசலில் வாசிக்கப்படுகையில், கொழுந்து பறித்துத் திரும்பிய பெண் தனக்குத் தெரிந்ததைச் சொல்வதில்லை. கேட்கப்பட்டதற்கே விடை சொல்கின்றாள். சென்ற நூற்றாண்டுக்கும் முன்னரே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தம் மாணவரின் துணையோடு மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது. அறிவைத் தமிழில் மக்களிடம் கொண்டுசெல்லும் பாதை அவ்வாறு திறக்கப்பட்டது. மக்களின் அனுபவத்தைத் தமிழிற் கேட்டு ஆய்வுக்குள் கொண்டுவரும் எதிர்ப்பாதை இன்னும் முழுமையாகத் திறக்கப்படவில்லை.

இங்கேதான் வழிகாட்டும் மூத்த மாணவரின் பொறுப்பு எழுகின்றது. பேராசிரியரைவிட அவர் களத்துக்கு அண்மையில் நிற்பவர். இளையவர் அச்சமின்றி அணுகக்கூடியவர். வினாக்கொத்தைத் திருத்துமுன், இவ்வாய்வின் முடிவு யார் கையைச் சேரும், லயத்தில் விடை சொன்னவளுக்கு அது எம்மொழியில் திரும்பிச் செல்லும் என்று அவர் கேட்பாராயின், ஆய்வின் திசை மாறும். மலசலகூடமின்றி மருந்து கொடுத்த 1916இன் அனுபவம் உணர்த்தும் பாடம் இதுவே.