கலைஞர் கனவு இல்லம்: ரூ.3.5 லட்சம் யாருக்கு? பட்டா இல்லைன்னா என்ன செய்வது?

"குடிசையில இருக்கோம், வீடு கிடைக்குமா?" கிராமங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு 2024-ல் தமிழக அரசு அறிவித்த திட்டம்தான் கலைஞர் கனவு இல்லம்.

ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி இருக்கணும். அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கலாம், ஓலை கூடாது.

பணம் மொத்தமாக வராது. வேலை நடக்க நடக்க தவணையாகத்தான் வரும். அதனால கடைக்கால் போடவே கையில் கொஞ்சம் காசு வேணும். வட்டிக்கு வாங்குறதுக்கு முன்னாடி ஒன்றிய அலுவலகத்தில் தவணை விவரத்தைக் கேட்டுக்கோங்க.

சிக்கல் எங்கே? குடிசை இருந்தா மட்டும் போதாது, சொந்தப் பட்டா நிலம் வேணும். புறம்போக்கில் தலைமுறையாக இருக்கிறவங்களுக்குத்தான் வீடு அதிகம் தேவை. பட்டியலுக்கு வெளியே நிற்கிறதும் அவங்கதான். அவங்க முதல்ல தாலுகா அலுவலகத்தில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்கணும். ஏரி, குளம் புறம்போக்கு என்றால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. மாற்று இடம்தான் கேட்க முடியும்.