பூசாரியும் பொறியாளரும்: பாலித் தீவின் தண்ணீர்க் கோயில்கள்

மலர்க் குழுவினர் "நீயும் ஏதாவது எழுது" என்று கேட்டார்கள். விடுதிக் கதைகளையும் மெஸ் சாம்பாரையும் மற்ற நண்பர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். சிவில் படித்தவன் சரித்திரம் எழுதுவதாவது என்று சீனியர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சரித்திர ஆராய்ச்சியும் மத ஆராய்ச்சியும் நம்முடைய பாசனப் பாடத்துக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொண்ட ஒரு சம்பவம் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்திருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

டியூட்டி, டெல்டா, பேஸ் பீரியட் என்று நாம் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். ஒரு கன அடி தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று கணக்குப் போடுவோம். யார் முதலில் நாற்று விடுவது, யார் காத்திருப்பது, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மட்டும் அந்தக் கணக்கில் வராது. "அது அட்மினிஸ்ட்ரேஷன்" என்று ஒதுக்கிவிட்டு அடுத்த சாப்டருக்குப் போய்விடுவோம். வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு வாய்க்கால் சீரமைப்புக்காகப் பழைய அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வியைப் பற்றி ஆசியா முழுக்க எவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது.

பெரிய பாசனம் இருக்கிற இடத்தில் பெரிய சர்க்கார் இருந்தே தீர வேண்டும் என்பது ஐரோப்பியர்கள் நம்மைப் பற்றி நெடுநாளாக வைத்திருந்த எண்ணம். 1853-இல் இந்தியாவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய கார்ல் மார்க்ஸிடமே இது உண்டு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன கார்ல் விட்ஃபோகல், 1957-இல் இதைத் தடித்த புத்தகமாகவே எழுதினார். ஆற்றை அடக்க ஆயிரக்கணக்கான ஆள் வேண்டும், ஆளைத் திரட்ட அதிகாரம் வேண்டும், ஆகவே ஆசியாவில் கொடுங்கோல் அரசுகள் தோன்றின என்பது அவர் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கேம்பிரிட்ஜில் எஞ்சினியரிங் படித்துவிட்டு மானிடவியலுக்குத் தாவிய எட்மண்ட் லீச் (நம்ம ஆள்!), இலங்கையின் வறண்ட பகுதிக் கிராமம் ஒன்றில் 1954-இல் தங்கிப் பார்த்துவிட்டு, ஊர்க் குளத்தை ஊர்க்காரர்களேதான் பார்த்துக்கொள்கிறார்கள், ராஜா யாரும் வர வேண்டியதில்லை என்று எழுதினார். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1980-இல் வெளியிட்ட 'நெகரா' என்ற நூல் பாலியைப் பற்றியும் ஏறக்குறைய இதையே சொன்னது. பாலி அரசர்களின் ஆட்சி பெரும்பாலும் விழாவும் ஊர்வலமும்தான், வாய்க்கால் அவர்கள் கையில் இல்லை என்றார்.

சரி, அரசர் கையில் இல்லை என்றால் யார் கையில்?

பாலியின் ஆறுகள் எரிமலைச் சரிவில் ஆழமான பள்ளத்தாக்குகளை வெட்டிக்கொண்டு இறங்குகின்றன. வயல் மேலே, தண்ணீர் கீழே. ஆகவே ஆற்றின் மேல்பகுதியில் ஒரு தடுப்பணை கட்டி, பாறைக்குள் சுரங்கம் குடைந்து, வெகுதூரம் கொண்டுவந்துதான் படிக்கட்டு வயலில் விட முடியும். ஒரே தலைமடையிலிருந்து தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்கு 'சுபாக்' என்று பெயர். பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே இது வருகிறது. இன்று சுமார் 1,200 சுபாக்குகள், ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் வரை.

தண்ணீரைப் பிரிப்பது எப்படி என்பதைப் பார்த்தால் நம் வயிறு குளிரும். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதில் பங்குக்கேற்ற அகலத்தில் வெட்டுகள். அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் எல்லோர் பங்கும் அதே விகிதத்தில் கூடும், குறையும். மீட்டர் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம். எவனாவது வெட்டை அகலப்படுத்தினால் அந்தப் பக்கம் போகிற யார் கண்ணிலும் பட்டுவிடும்.

ஒவ்வொரு தலைமடையிலும், ஒவ்வொரு பிரிவிலும், வயல் தொகுதியிலும் ஒரு கோயில் உண்டு. பாலிக்காரர்கள் தங்கள் சமயத்தை 'ஆகம தீர்த்த' என்றும் சொல்வார்கள். நமக்கு மொழிபெயர்க்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் உச்சியில், பாத்தூர் எரிமலை ஏரியின் தேவியான தேவி தானுவின் கோயில். 1926-இல் எரிமலை வெடித்துப் பழைய கோயில் அழிந்த பிறகு, அதை மலை விளிம்பில் மறுபடி கட்டினார்கள். அந்த ஏரிக்கு மதகும் கிடையாது, வெளிப்போக்கும் கிடையாது. கசிந்து ஊற்றாகத்தான் கீழே வர வேண்டும். ஆனாலும் தீவின் தண்ணீரெல்லாம் அவள் கொடுத்தது என்பது நம்பிக்கை. புதிதாக வாய்க்கால் வெட்ட வேண்டும், தண்ணீர்த் தகராறு தீர வேண்டும் என்றால் அந்தக் கோயிலின் தலைமைப் பூசாரியான ஜெரோ கெடேயிடம் போவார்கள்.

எப்போது நடவு, எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதை இந்தக் கோயில்களின் கூட்டங்கள் தீர்மானித்தன. கணக்குக்கு 210 நாள் பஞ்சாங்கம் ஒன்று உண்டு. ஒரு நாள் வாரம் முதல் பத்து நாள் வாரம் வரை பத்து வகை வாரங்கள் அதில் ஒரே சமயத்தில் ஓடும். இதை ஒரு பலகையில் குறித்து வைத்திருப்பார்கள். நாம் சுவரில் மாட்டும் பார் சார்ட்டுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டச்சுக்காரர்கள் 1906-லும் 1908-லும் தென் பாலியைப் பிடித்தார்கள். வரி வசூலுக்காகப் பாசனத்தை விசாரித்தவர்கள், அரசனைத் தேடினார்கள், அதிகாரியைத் தேடினார்கள். கோயில் என்றதும் அதை 'மதம்' என்ற ஃபைலில் போட்டுவிட்டார்கள். தண்ணீர் ஒரு ஃபைல், பூஜை ஒரு ஃபைல். அந்தப் பிரிவினை சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே நீடித்தது. அதற்கு விலை கொடுத்தது விவசாயிகள்.

பசுமைப் புரட்சி 1970-களின் தொடக்கத்தில் பாலிக்கு வந்தது. ஐ.ஆர்.எட்டு நம்மூரிலும் பிரபலம். 1966-இல் பிலிப்பைன்ஸில் வெளியான அந்த நெல்லின் பெற்றோரில் ஒன்றான 'பேத்தா' இந்தோனேசியாவில் விளைந்த ரகம்தான் என்பது பலருக்குத் தெரியாது. சொந்தப் பிள்ளை, உர மூட்டையும் பூச்சி மருந்தும் கடனும் சேர்த்து வீடு திரும்பியது மாதிரி. அரசு சொன்னது: குறுகிய காலப் பயிர், ஆகவே வருஷம் முழுக்க, முடிந்த போதெல்லாம் நடு. கோயில் முறை பார்க்க வேண்டாம்.

முதலில் விளைச்சல் ஏறியது. சந்தேகமே இல்லை. அப்புறம் ஆளாளுக்கு ஒரு தேதியில் நட்டதில் தண்ணீர் முறை குலைந்தது. அதைவிடப் பெரிய அடி பூச்சி. புகையானுக்கு எந்த மாதத்திலும் பக்கத்து வயலில் பச்சை நெல் கிடைத்தது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 36 கொடுத்தார்கள், அது துங்ரோ நோய்க்கு விழுந்தது. அதற்கு இன்னொரு ரகம், அதற்கு இன்னொரு நோய். மருந்து அடித்ததில் பூச்சியைத் தின்னும் பூச்சிகளும் செத்தன. இந்தோனேசியா முழுவதும் இந்தப் பிரச்சினை முற்றி, 1986-இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளை அரசே தடை செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவே 1979-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் பாலிப் பாசனத் திட்டம் ஆரம்பமானது. தடுப்பணைகள், கான்கிரீட் வாய்க்கால், இரும்பு ஷட்டர். காகிதத்தில் பார்த்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். விவசாயிகள் மரக்கட்டையை மறுபடி வைத்துக்கொண்டார்கள், ஷட்டரைக் கழற்றிப் போட்டார்கள். கோயில்களிடமே நடவு முறையை மறுபடி விடவேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, அது பழமைவாதம் என்று ஆலோசகர்களுக்குப் பட்டது.

இந்த இடத்தில்தான் ஸ்டீஃபன் லான்சிங் வருகிறார். 1970-களிலிருந்து பாலிக் கோயில்களைப் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மானிடவியலாளர். பூஜை முறையைக் குறித்துக்கொள்ளப் போன மனிதர், இது அப்படியே ஒரு பாசன நிர்வாகம் அல்லவா என்று கண்டுகொண்டார். சொன்னால் யார் நம்புவார்கள்? ஆகவே ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியல் அறிஞரோடு சேர்ந்து, 1980-களில் ஒரு கம்ப்யூட்டர் மாதிரி எழுதினார். ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளின் 172 சுபாக்குகள், மழை, ஆற்று நீர், பயிர், பூச்சியின் பரவல், எல்லாம் உள்ளே.

கணக்கின் முடிச்சு இதுதான். எல்லோரும் ஒரே நாளில் நட்டால் அறுவடைக்குப் பின் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் தரிசாகும். பூச்சி பட்டினியில் சாகும். ஆனால் நடவு நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும், ஆறு தாங்காது. ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் போதும். பூச்சி வயல் விட்டு வயல் தாவி வருஷம் முழுக்க விருந்து சாப்பிடும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நடுவது சரி? மாதிரியை விதவிதமாக ஓட்டிப் பார்த்ததில், கோயில்கள் வழக்கமாக ஒன்று சேர்க்கும் அளவை ஒட்டியே மகசூல் உச்சத்தைத் தொட்டது. இன்னொரு சோதனையும் செய்தார்கள். சுபாக்குகளைக் கண்டபடி நட விட்டு, ஒவ்வொரு ஆண்டும் அதிக விளைச்சல் எடுத்த பக்கத்து சுபாக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சில ஆண்டுகளிலேயே, யாரும் உத்தரவு போடாமல், நிஜக் கோயில் வட்டங்களைப் போன்ற கூட்டங்கள் திரையில் உருவாயின. இந்த ஆய்வு 1993-இல் வெளியானது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விளக்கம். மேல்மடைக்காரன் ஏன் கீழ்மடைக்காரனுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? அவனுக்குத்தான் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாதே! நம்மூரில் கோர்ட் வரை போகிற விவகாரம். பாலியில் பதில் பூச்சி. கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் அவன் தேதி தவறி நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலேயும் ஏறி வரும். மேல்மடைக்காரன் பூச்சிக்குப் பயந்து தண்ணீர் விடுகிறான். கீழ்மடைக்காரன் தண்ணீருக்காகத் தேதிக்குக் கட்டுப்படுகிறான். தர்ம சிந்தனை கொஞ்சம் குறைந்தாலும் ஏற்பாடு நிற்கும்.

வங்கியும் 1988-இல் செய்த மதிப்பீட்டில், பழைய முறையின் அருமையை உணராமல் போனதற்குப் பெரிய விலை கொடுக்க நேர்ந்ததை ஒப்புக்கொண்டது. தன் திட்டத்தைப் பற்றித் தானே அப்படி எழுதுவது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

இத்தோடு கதை சுபம் என்று நினைக்க வேண்டாம். லான்சிங் அரசர்களை ரொம்பவும் ஓரங்கட்டிவிட்டார் என்று வரலாற்று ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஹென்க் ஸ்கூல்டே நார்த்ஹோல்ட், பிரிகிட்டா ஹவுசர்-ஷாய்ப்ளின் போன்றவர்கள், பெரிய அணைகளிலும் கோயில்களிலும் அரண்மனையின் கை இருந்ததை ஆவணங்களோடு காட்டினார்கள். ஸ்டீஃபன் ஹெல்ம்ரைக், கம்ப்யூட்டர் மாதிரிக்குள் சரித்திரமும் அதிகாரமும் காணாமல் போய்விடுகின்றன என்றார். எனக்கு இவர்கள் சொல்வதில் நியாயம் தெரிகிறது. கீழிருந்து தானாக முளைத்த அமைப்பு என்பது கம்ப்யூட்டருக்குப் பிடித்த கதை; ஆயிரம் வருஷத்தில் எத்தனை ராஜாக்கள் எத்தனை சுரங்கத்துக்கு ஆள் கொடுத்தார்கள் என்பதை எந்த புரோகிராமும் சொல்லாது. ஆனாலும் தண்ணீர், பூச்சி இரண்டின் கணக்கை அந்த விமர்சனம் அசைக்கவில்லை.

2012-இல் யுனெஸ்கோ சுமார் 19,500 ஹெக்டேர் சுபாக் நிலப்பரப்பையும் கோயில்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலா வந்தது, அதோடு வில்லாக்களும் வந்தன. மேல் வயல் ஒன்றை விற்றுவிட்டால் போவது அந்த ஒரு வயல் மட்டுமல்ல. கீழே போகிற வாய்க்கால் அந்த வயல் வழியாகத்தான் போயிருக்கும்.

லான்சிங்கும் கிரெமரும் எழுதிய மாதிரியில் பயிர் உண்டு, பூச்சி உண்டு, மழை உண்டு. ஓட்டலும் நீச்சல் குளமும் கிடையாது. அவற்றைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை. அன்று பெரிய வேலையாக இருந்ததை இன்று நம் லேப்டாப்பில் நிமிஷத்தில் ஓட்டிவிடலாம். ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால், சங்க அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரெடி.