நியூசிலாந்துத் தைலமரங்களும் ஆமைவண்டும்

19ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் குடியேறிய ஐரோப்பியர், விறகுக்கும் கம்பங்களுக்கும் காற்றுத்தடுப்புக்கும் பயன்படுமென்று ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் எனப்படும் தைலமரங்களைத் தருவித்தபோது, அவை பெரும்பாலும் விதைகளாகவே கடல் கடந்தன. தழையும் பட்டையும் மண்ணும் உடன்வராமையால், அவற்றை உண்டு வாழும் பூச்சிகள் தாயகத்திலேயே தங்கிவிட்டன. புதிய மண்ணில் அம்மரங்கள் செழித்தமைக்கு நிலத்தின் வளம் மட்டுமின்றி இப்பிரிவும் ஒரு காரணம்.

பிரிவு நெடுநாள் நீடிக்கவில்லை. 1890இல் இலை தின்னும் கூன்வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதன் முட்டைகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் மிகச் சிறிய குளவியொன்று 1927இல் கொண்டுவரப்பட்டு நல்ல பயன் தந்தது. இதனினும் கடினமான பகைவன் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கிறைஸ்ட்சர்ச் நகருக்கும் லிட்டல்டன் துறைமுகத்துக்கும் இடையிலுள்ள போர்ட் குன்றுகளில் 1916இல் முதன்முதலாகக் காணப்பட்ட பரோப்சிஸ் கரிப்டிஸ் என்னும் அந்த வண்டு, ஆமையோடு போலக் குவிந்த முதுகுடையதாதலின் யூகலிப்டஸ் ஆமைவண்டு என வழங்கப்படுகிறது. முதலில் தெற்குத் தீவில் நிலைகொண்ட அது, காலப்போக்கில் வடக்குத் தீவுக்கும் பரவியது.

குளிர்காலத்தை உரிந்த பட்டைகளின் அடியிலும் சருகுகளுக்கிடையிலும் ஒடுங்கிக் கழிக்கும் முதிர்ந்த வண்டுகள், வசந்தத்தில் புதுத்தளிர் விடும் வேளையில் மரமேறி, இலைவிளிம்புகளைக் கடித்துத் தின்று, இலைகளின் மேல் கொத்துக்கொத்தாக முட்டையிடுகின்றன. பொரித்து வரும் புழு நான்கு வளர்பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தோலுரிக்கும் அது, தன் வாழ்நாள் உணவின் பெரும்பகுதியை இறுதிப் பருவத்திலேயே உட்கொள்கிறது. தீண்டப்பட்டால் உடலின் பின்புறச் சுரப்பிகளைப் புறந்தள்ளி ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு ஆவியை வெளியிடுவதால், அதனை உண்ணத் துணியும் உயிரினங்கள் குறைவு. முழுவளர்ச்சி பெற்ற புழு தரையில் விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து வெளிப்படும் புதிய வண்டுகள் கோடையின் பிற்பகுதியில் இரண்டாம் தலைமுறையைத் தோற்றுவிக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை என்னும் இந்தக் கணக்கைச் சார்ந்தே, இவ்வண்டை அடக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வெற்றியும் குறைபாடும் அமைந்தன.

தாள் கூழுக்காக யூகலிப்டஸ் நைட்டென்ஸ் என்னும் இனம் பெருமளவில் நடப்பட்டபோது சிக்கல் கடுமையாயிற்று. இம்மரத்தின் இளம்பருவ இலைகளை வண்டு அவ்வளவாக விரும்புவதில்லை. முதிர்பருவ இலைகள் தோன்றிய பின்னரே தாக்குதல் வலுக்கும். நட்டவர் முதல் சில ஆண்டுகள் கவலையின்றி இருக்க, அவர்கள் முதலீடு செய்து முடித்த தோட்டங்களில் பின்னர் உச்சித்தளிர் மீண்டும் மீண்டும் அழிந்து வளர்ச்சி குன்றியது.

ஆமைவண்டை அடக்க 1970களின் பிற்பகுதியில் டாஸ்மேனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பொறிவண்டு ஒன்று, வேலமரங்களில் வாழும் தாவரப்பேன்கள் உணவாகக் கிடைத்த மார்ல்பரோ பகுதியிலேயே வேரூன்றியது. 1987இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த எனொக்கெரா நசாவி என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவி, அதாவது வண்டின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை உள்ளிருந்தே அழிக்கும் குளவி, இரண்டாம் தலைமுறை முட்டைகளைப் பெருமளவில் அழித்தது. ஆயினும் குளிர்கால முடிவில் அதன் தொகை மிகக் குறைந்திருக்குமாதலின், வசந்தகால முட்டைகள் பல தப்பின; மரத்துக்குப் பெருங்கேடு விளைப்பதும் அத்தலைமுறையே. 2000களின் தொடக்கத்தில், அழையாமலே வந்த பெயோவனூசியா என்னும் மீயொட்டுண்ணி, அதாவது ஒட்டுண்ணியையே உண்டு வாழும் மற்றோர் ஒட்டுண்ணி, எனொக்கெராவைத் தாக்கத் தொடங்கியது. பல்லாண்டு உழைப்பின் பயன் இவ்வாறு தேய்ந்தமை வருந்தத்தக்கது; பூச்சிக்கொல்லியை வான்வழியே தெளிக்கும் நிலை பல தோட்டங்களில் தொடர்ந்தது.

ஆய்வாளர்களின் பார்வை அதன்பின் முட்டையிலிருந்து புழுவுக்குத் திரும்பியது. டாஸ்மேனியாவில் இவ்வகைப் புழுக்களின் உடலுக்குள் முட்டையிடும் குளவியொன்றை ஆராய்ந்தபோது, ஒரே இனமென எண்ணப்பட்டது பல இனங்கள் எனத் தெரியவர, அவற்றுள் தேர்ந்தெடுக்கப்பட்டது 2018இல் ஈடியா டெனேரிஸ் எனப் பெயர் பெற்றது. பிற வண்டினங்களுக்கு அதனால் தீங்கு நேருமா என்பதைச் சோதித்த பின், அதை விடுவிக்க நியூசிலாந்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் 2019இல் இசைவளித்தது. ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் இக்குளவி வசந்தப் புழுக்களையே நாடுவதால், எனொக்கெரா எட்டாத காலத்தை அது எட்டும் என்பதும், வண்டின் முட்டைக்குள் வாழாமையால் பெயோவனூசியாவின் பிடியில் அகப்படாது என்பதும் அந்தத் தேர்வுக்கு வலுச்சேர்த்தன.