சைதாப்பேட்டையின் சப்பாத்திக்கள்ளிப் பண்ணை

கொச்சினீல் என்னும் செஞ்சாயத்தைத் தரும் பூச்சி சப்பாத்திக்கள்ளியில் மட்டுமே வாழ்வதால், அச்சாய வணிகத்தில் ஸ்பெயின் கொண்டிருந்த ஏகபோகத்தை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளிப் பண்ணை அமைத்தார். கள்ளியைப் பெருக்க விதை வேண்டியதில்லை. தட்டையான தண்டை மூட்டில் அறுத்து, வெட்டுவாயில் கசியும் பசை காய்ந்து தோல் மூடும்வரை நிழலில் கிடத்தி, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் அது வேர்பிடிக்கும். செடி எளிதாய்ப் பெருகியது, பூச்சிதான் வாய்க்கவில்லை. 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கொணர்ந்தது உயர்ந்த மெக்சிகோ இனமன்று என்பதால் சாயத்தொழில் நலிந்தது. ஆயினும் அப்பூச்சி, தென்னிந்தியாவில் காடாய் மண்டியிருந்த ஒருவகைக் கள்ளியை 1830களில் அழித்தொழித்தது. களையைப் பூச்சியால் ஒடுக்கும் உயிரியல் கட்டுப்பாட்டுக்கு உலகின் தொடக்கச் சான்றாக அறிவியலார் சுட்டுவது, வருத்தத்திற்குரிய அந்தத் தோல்வியின் இவ்விளைவையே.