இல்லாத கல்லூரியின் வெற்றிகள்

1941-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், நியூயார்க் நகரத்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளை விரித்தவர்கள், முந்தைய நாள் நடந்த கல்லூரிக் கால்பந்துப் பந்தயங்களின் முடிவுகளைப் பொடி எழுத்தில் நெருக்கி அச்சிட்டிருந்த பத்திகளின் நடுவே, பிளெயின்ஃபீல்டு ஆசிரியர் கல்லூரி என்ற பெயரையும், அக்கல்லூரி வாரந்தோறும் பெற்றுவந்த வெற்றியையும் கண்டார்கள். நியூ ஜெர்சி மாகாணத்தில் பிளெயின்ஃபீல்டு என்ற ஊர் உண்டு. ஆனால் அந்த ஊரில் அப்படியொரு கல்லூரி இருந்ததில்லை. அதற்கு மைதானமோ, பயிற்சியாளரோ, பந்தைத் தொட்ட ஒரு மாணவனோ இருந்ததில்லை. இந்த விசித்திரம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, அமெரிக்கக் கலாசாலைகளில் அந்த ஆட்டம் வளர்ந்த விருத்தாந்தத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

நாம் கால்பந்து என்று சொல்லும்போது மனத்தில் தோன்றும் ஆட்டம் வேறு. அவர்கள் ஆடுவது, இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரிகளை மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம். 1869-ஆம் வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி, நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் பக்கத்துக்கு 25 பேராக ஆடி, ரட்கர்ஸ் 6–4 என்று வென்றதிலிருந்து அதன் சரித்திரத்தைத் தொடங்குவது மரபு. ஆயினும் அன்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட எவருக்கும் அனுமதியில்லை. ரக்பி முறை பின்னால் வந்து கலந்தது. 1880-களில் யேல் கலாசாலையின் வால்ட்டர் கேம்ப் வகுத்த விதிகளே அந்த ஆட்டத்துக்கு இன்றைய உருவத்தைத் தந்தன. 1905-இல் ஒரே பருவத்தில் குறைந்தது 18 இளைஞர்கள் மாண்டதாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கலாசாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் பேச வேண்டிய நிலைமை அந்த ஆண்டிலேயே உண்டாயிற்று. மறு வருஷம் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது, ஆட்டம் பிழைத்தது.

பிழைத்தது மட்டுமன்று, பெருகவும் செய்தது. 1914-இல் யேல் கட்டிய அரங்கம் ஏறக்குறைய 70,000 பேர் அமரத் தக்கது. ஆனால் அரங்கத்துக்குள் புகுந்து பார்த்தவர்களைவிட, மறுநாள் காலையில் பத்திரிகையில் படித்துப் பார்த்தவர்கள் பன்மடங்கு அதிகம் என்பதே இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் முக்கியமான செய்தி என்று நான் கருதுகிறேன். 1924-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் நோட்ர டாம் அணி ராணுவக் கல்லூரியை 13–7 என்று வென்றபோது, கிரான்ட்லண்ட் ரைஸ் என்ற பத்திரிகையாளர், வென்ற அணியின் பின்வரிசை வீரர் நால்வரையும் பைபிளின் வெளிப்படுத்தல் ஆகமத்தில் வரும் நான்கு குதிரை வீரர்களுக்கு ஒப்பிட்டு எழுதினார். அந்தக் கல்லூரியின் விளம்பரப் பணியில் இருந்த ஒரு மாணவர், நால்வரையும் மெய்யாகவே குதிரைகளின் மீது ஏற்றிப் படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். தேசமெங்கும் அந்தப் படம் பரவிற்று. உவமை ஒன்று புகைப்படமாகி, புகைப்படம் புராணமாயிற்று. அந்நால்வரும் சிறந்த ஆட்டக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களை ஒரு தடவைகூட நேரில் காணாத லட்சக்கணக்கானவர் உள்ளத்தில் அவர்களை நிலைநிறுத்தியது, சொல்லும் படமுமே அல்லவா?

பெரிய கலாசாலைகளின் நிலை இது. சிறிய கல்லூரிகளோ நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவை ஆடிய ஆட்டங்களுக்கெல்லாம் நிருபர்களை அனுப்ப எந்தப் பத்திரிகையாலும் இயலாது. ஆகவே யாரேனும் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு எண்ணிக்கையைச் சொல்வதும், பத்திரிகாலயத்தில் இருப்பவர் அதைக் குறித்துக்கொண்டு அச்சுக்கு அனுப்புவதும் வழக்கமாயிற்று. குக்கிராமத்துக் கல்லூரியில் படிக்கும் மகனின் வெற்றியைத் தொலைதூர நகரத்தில் இருக்கும் தந்தை ஒரு வரியில் கண்டு மகிழ்ந்தார் என்றால், அந்த மகிழ்ச்சி, கூப்பிட்டவர் சொல்வது மெய்யே என்ற விசுவாசத்தின் மீதே நின்றது.

அந்த விசுவாசத்தைத்தான் மாரிஸ் நியூபர்கர் என்ற பங்குத் தரகர் சோதித்துப் பார்த்தார். அவர் நியூயார்க் பத்திரிகைகளைக் கூப்பிட்டு, பிளெயின்ஃபீல்டு ஆசிரியர் கல்லூரி வென்றது என்று ஓர் எண்ணிக்கையைச் சொன்னார். மறுநாள் அது அச்சில் வந்தது. பிலடெல்பியாவில் இருந்த அவருடைய நண்பர் அலெக்ஸாண்டர் டானன்பாம் அந்நகரத்துப் பத்திரிகைகளைக் கவனித்துக்கொண்டார். வெற்றிகள் சேரச் சேர, ஜெர்ரி கிராய்டன் என்ற கற்பனை விளம்பரதாரர் பிறந்தார். கடிதத்தாளில் செய்திக் குறிப்புகள் புறப்பட்டன. மெல்லிய ஊதாவும் கருஞ்செம்பழுப்பும் கல்லூரியின் வர்ணங்களாயின. முனை வீரர் இருவரும் எதிரிக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு புதிய வியூகமும் வகுக்கப்பட்டது. பந்தைச் சுமந்தோடும் நாயகனாக ஜானி சுங் என்ற இளைஞன் தோன்றினான். பாதி சீனன், பாதி ஹவாய்த் தீவினன். ஆட்டத்தின் இடைவேளையில் சோறு உண்டு பலம் பெறுபவன். ‘வானுலக வால்மீன்’ என்று பட்டப்பெயர் பெற்றவன். சீனத்தை வானுலக சாம்ராஜ்யம் என்று குறிக்கும் பழைய வழக்கும், அயல் இனத்தானை உணவைக் கொண்டே அடையாளம் காணும் அக்காலத்து மனப்பாங்கும் இந்தச் சித்திரத்தில் அப்படியே பதிந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் படிக்கும்போது நியூபர்கரின் துணிவைவிட அவருடைய காது எவ்வளவு கூர்மையானது என்பதே என்னை வியக்கவைக்கிறது. வர்ணம், வியூகம், பட்டப்பெயர், நாயகனின் விசித்திரப் பழக்கம் ஆகிய எல்லாமே மெய்யான கல்லூரிகளின் விளம்பரதாரர்கள் வாரந்தோறும் அனுப்பிவந்த சரக்குகள். அவர் புதிதாகச் செய்தது, சரக்கின் பின்னே இருக்க வேண்டிய மனிதனை நீக்கியது ஒன்றே.

நவம்பர் மத்தியில் உண்மை கசிந்தது. ஹெரால்டு ட்ரிப்யூன் பத்திரிகையின் காஸ்வெல் ஆடம்ஸும், டைம் வார இதழும் அதை வெளியிட்டார்கள். தப்ப வழியில்லை என்று கண்ட நியூபர்கர், கிராய்டனின் பெயரால் கடைசிக் குறிப்பு ஒன்றை அனுப்பினார்: சுங் உள்ளிட்ட ஆட்டக்காரர்கள் பரீட்சையில் தேறவில்லை, ஆகையால் எஞ்சிய பந்தயங்களைக் கல்லூரி ரத்து செய்துவிட்டது. இந்த முடிவை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கார்னெகி ஸ்தாபனம் 1929-இல் வெளியிட்ட அறிக்கை, நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து இழுப்பதும் தாங்குவதும் எங்கும் மலிந்திருப்பதை எடுத்துக் காட்டியிருந்தது. ஆனாலும் அரங்கங்கள் நிரம்பிக்கொண்டேயிருந்தன. ஒரு தோல்வியும் அறியாத அணியை, பருவத்தின் நடுவில், பாடத்தில் தேறாத காரணத்துக்காகக் கலைத்துவிட்ட கல்லூரி பிளெயின்ஃபீல்டு ஒன்றுதான்.

சில வாரங்களில், டிசம்பர் 7-ஆம் தேதி, சுங்கின் பூர்வீகமாகக் கற்பிக்கப்பட்ட ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன. கலிபோர்னியாவில் நடக்கவேண்டிய ரோஜாக் கிண்ணப் பந்தயத்தை, கடற்கரையில் கூட்டம் கூடுவது அபாயம் என்று கருதி, 1942 புத்தாண்டு நாளில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் நடத்தினார்கள். ஓரிகன் மாகாணக் கல்லூரி டியூக் கலாசாலையை 20–16 என்று வென்றது. ஆடியவர்களில் பலர் போர்முனைக்குச் சென்றார்கள். பிளெயின்ஃபீல்டின் பெயர் அதன் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ஆனால் 1941-இன் அந்த இதழ்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் நூல்நிலையங்களில், மெய்யான இரு கல்லூரிகளின் முடிவுகளுக்கு இடையே, அதே அளவான பொடி எழுத்தில், அதே மையில், அந்தப் பெயர் இருக்கிறது.