மும்முடிச் சோழ மண்டலம்

இலங்கைத் தீவில் சோழர் வென்று ஆண்ட பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் மும்முடிச் சோழ மண்டலம். 993 அளவில் தொடங்கிய இந்த ஆட்சி 1070 வரை நீடித்தது. மும்முடிச் சோழன் என்பது முதலாம் ராஜராஜனின் விருதுப்பெயர். முதலில் தஞ்சாவூரிலிருந்தும், 1025ஐ ஒட்டித் தலைநகர் மாறியபின் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தும் தீவுக்கு ஆணைகள் சென்றன. அந்தத் தலைநகர் இன்று அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் ஓர் ஊர். கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பலருக்கு, கடல் கடந்த ஒரு நாட்டின் நிர்வாகம் சுமார் 45 ஆண்டுகள் இங்கிருந்து நடந்தது என்பது தெரிவதில்லை.

நிலம்

இலங்கையின் வடபகுதியும் கிழக்கும் மழை குறைந்த சமவெளிகள். அங்கே வாழ்க்கை ஏரிகளை நம்பியது. அநுராதபுர அரசு நூற்றாண்டுகளாகக் குளம் வெட்டியும் கால்வாய் இழுத்தும் வளர்ந்த அரசு. தீவின் மிக நீண்ட ஆறான மகாவலி, நடுமலையில் பிறந்து திருகோணமலைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அதற்கு அப்பால் தென்கிழக்கில் காடும் குன்றுமாகக் கிடந்தது ரோகணம். வடமேற்கில் முத்துக்குளிப்புக் கரையை ஒட்டி மாதோட்டமும், கிழக்கில் இயற்கைத் துறைமுகமான திருகோணமலையும் இருந்தன. சோழர் கையில் உறுதியாக இருந்தவை சமவெளி, ஏரிகள், துறைமுகங்கள். ரோகணத்துக்குள் அவர்கள் படை பலமுறை புகுந்தது. ஆனால் அங்கே நிலைகொண்டு ஆள முடியவில்லை. இந்த ஆட்சியின் போக்கையும் முடிவையும் விளக்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

படையெடுப்புகள்

பகை ராஜராஜனுக்கு முந்தியது. பாண்டியனுக்குத் துணையாக ஈழப்படை வந்த வெள்ளூர்ப் போரில், சோழ அரசன் முதலாம் பராந்தகனுக்காகப் பழுவூர்ச் சிற்றரசர் பழுவேட்டரையர் கண்டன் அமுதன் போரிட்டார். அந்தப் போரில் இறந்த வீரர்கள் பற்றிய கல்வெட்டு அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர்க் கோயிலில் உள்ளது. ஆக, அரியலூர் மண்ணுக்கும் ஈழப் போருக்குமான தொடர்பு, கங்கைகொண்ட சோழபுரம் எழுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. தோற்ற பாண்டியன் தன் மணிமுடியையும் இந்திரன் ஆரத்தையும் ஈழ அரசனிடம் அடைக்கலமாக வைத்தான். அவற்றை மீட்பது சோழருக்குப் பல தலைமுறை மானப் பிரச்சினையாயிற்று. சுந்தர சோழன் அனுப்பிய கொடும்பாளூர் வேளிர் தலைவன் சிறியவேளான் ஈழத்திலேயே மாண்டான்.

அநுராதபுரத்தில் 982இல் அரியணை ஏறிய ஐந்தாம் மகிந்தன், சம்பளம் கிடைக்காத தன் படையே கிளர்ந்ததால் ரோகணத்துக்கு ஓடினான். அந்தக் குழப்பத்தில் ராஜராஜனின் படை இறங்கியது. அநுராதபுரம் அழிந்தது, விகாரைகள் சூறையாடப்பட்டதை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கசப்புடன் பதிவு செய்கிறது. சோழர் பெருமை பேசும் எவரும் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1017 அளவில் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் ரோகணத்துக்குள் புகுந்து மகிந்தனைச் சிறைப்பிடித்தான். மணிமுடியும் ஆரமும் கிடைத்தன. பன்னிரண்டு ஆண்டுச் சிறைக்குப்பின் 1029இல் மகிந்தன் சோழ நாட்டிலேயே இறந்தான்.

ஆட்சிமுறை

சோழர் தீவின் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி, ஜனநாத மங்கலம் என்று பெயரிட்டனர். ரோகணத்திலிருந்து வடக்கே வரும் படைகள் மகாவலியைக் கடக்கும் துறைகளைக் காக்க அதைவிடச் சிறந்த இடமில்லை. சிங்கள அரசர்களும் பிறகு அதையே தலைநகராக வைத்துக்கொண்டது அந்தத் தேர்வின் அருமையைச் சொல்லும். நாட்டுப் பிரிவுகளுக்குச் சோழ நாட்டு முறையில் வளநாடு என்று பெயர் வைத்தனர். மாதோட்டம் ராஜராஜபுரம் ஆயிற்று. அங்கே தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி ராஜராஜேசுவரம் என்ற கோயிலைக் கட்டினார். ஈழத்துச் சில ஊர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப் பாலும் தர வேண்டும் என்று அக்கோயில் கல்வெட்டு விதிக்கிறது. சோழ இலங்கேசுவரன் என்ற பட்டத்துடன் ஓர் இளவரசன் தீவை ஆண்டதும் கல்வெட்டுகளால் தெரியவருகிறது.

பொலன்னறுவையில் இன்றும் முழுமையாக நிற்கும் வானவன் மாதேவி ஈசுவரம் என்ற சிறு கற்றளி, சோழ அரசியின் பெயரால் அமைந்தது. அதில் கங்கைகொண்ட சோழபுரத்து அரசன் அதிராஜேந்திரனின் கல்வெட்டு உள்ளது. திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை என்ற பௌத்தப் பள்ளி, ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயருடன் தொடர்ந்து இயங்கியது. விளக்கெரிக்க அளித்த கொடைகள் அங்கே தமிழில் பொறிக்கப்பட்டுள்ளன. சூறையும் புரவலும் ஒரே ஆட்சியின் செயல்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்வது வரலாறாகாது. காசிலும் கொடுக்கல்வாங்கல் நடந்தது. ராஜராஜனின் காசில் நிற்கும், அமர்ந்திருக்கும் மனித உருவங்கள் இலங்கைக் காசின் பாணியிலேயே உள்ளன.

முடிவு

ரோகணத்தில் மகிந்தன் மகன் காசியப்பன் தொடங்கி ஒருவர்பின் ஒருவராக அரசர்கள் எதிர்த்தபடி இருந்தனர். சோழ அரசன் முதலாம் ராஜாதிராஜன் அவர்களில் பலரை வென்றும் கொன்றும் எதிர்ப்பு அணையவில்லை. 1055இல் தலைமை ஏற்ற முதலாம் விஜயபாகு அங்கே படை திரட்டிப் பொறுமையாகக் காத்திருந்தான். 1070இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் அதிராஜேந்திரன் இறந்து, முதலாம் குலோத்துங்கன் அரசேறிய கலக்கத்தில் பொலன்னறுவை வீழ்ந்தது. குலோத்துங்கன் தீவை மீட்கப் பெரும் முயற்சி எடுக்கவில்லை. வேங்கி நாடும் மேலைச் சாளுக்கிய அரசும் அவனுக்கு நெருக்கமான கவலைகள்.

போரின் சேதம் பெரிது. முறைப்படி துறவு அளிக்கப் போதிய பிக்குகள் தீவில் இல்லாததால், விஜயபாகு பர்மாவிலிருந்து அவர்களை வரவழைத்தான். அவன் படையில் வேளைக்காரர் என்ற தமிழ்ப் படைவீரரும் இருந்தனர். 1080களில் சோழருக்கு எதிராகச் செல்ல மறுத்துக் கிளர்ந்த அவர்களை அவன் கடுமையாக ஒடுக்கினான். பின்னாளில் புத்தரின் பல்லைக் காத்த பொலன்னறுவைக் கோயிலின் காவலையே வேளைக்காரர் ஏற்றனர். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே நிற்கிறது.